ஆர்க் ஃபால்ட் கருவி சும்மா சும்மா ட்ரிப் ஆகிறதா?

எங்கள் வீட்டில் ஆர்க் ஃபால்ட் கருவி மாட்டிய ஒரு சர்க்யூட் அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பித்தபோது, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரீசெட் செய்தேன், மறுபடி விழுந்தது, மறுபடி தூக்கிவிட்டேன். நான்காவது தடவை, "இந்தக் கருவியே சரியில்லை, கழற்றிவிட்டு வெறும் எம்சிபி போட்டுவிடலாம்" என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. கழற்றவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க முடியாது, ஏன் சில சமயம் ஒன்றுமில்லாததற்கும் விழுகிறது என்பதைப் பேசிவிடலாம், ஏனென்றால் அது தெரியாமல் இதன்மேல் வரும் கோபமும் சரி, வைக்கும் நம்பிக்கையும் சரி, இரண்டுமே தப்பாகத்தான் இருக்கும்.

டிபி பாக்ஸில் வழக்கமாக இருக்கும் இரண்டு காவல்காரர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்சிபிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு கரண்ட் போகிறது. அளவுக்கு மேல் போனால் சூடாகி விழும், ஷார்ட் ஆனால் உடனே விழும். ஆர்சிசிபிக்குத் தெரிந்ததும் ஒன்றுதான்: ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கேயோ எர்த்துக்குக் கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாகவே கசிகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஆயிரம் வாட் சாதனம் ஒன்றின் வயர், பிளக் பக்கத்தில் தினமும் மடங்கி மடங்கி, உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோய், கடைசியில் இரண்டு மூன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவையும் விலகும் நொடியில், மயிரிழை அளவுள்ள அந்த இடைவெளியைக் கரண்ட் காற்றுவழியாகத் தாண்டும். இதுதான் ஆர்க். பல ஆயிரம் டிகிரி சூடு. சுற்றியுள்ள பிவிசி கருகிக் கரியாகிறது, கரியும் மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும், அதனால் அடுத்த தடவை ஆர்க் பிடிப்பது இன்னும் சுலபம். இப்போது கணக்குப் போடுங்கள். 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் என்றால் சுமார் 4.3 ஆம்பியர். ஆர்க்கின் குறுக்கே ஒரு 25 வோல்ட் விழுகிறது என்று வைத்தால், கடுகளவு இடத்தில் கிட்டத்தட்ட 100 வாட் எரிகிறது. எம்சிபிக்கு என்ன தெரியும்? 16 ஆம்பியர் எம்சிபிக்கு 4 ஆம்பியர் என்பது ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால், ஆர்க் நடுவில் புகுந்ததால் கரண்ட் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கும்! எர்த்துக்கும் எதுவும் கசியவில்லை, போனதெல்லாம் திரும்பி வருகிறது, எனவே ஆர்சிசிபியும் நிம்மதியாக இருக்கும். காவல்காரர்கள் இரண்டு பேரும் விழித்திருக்கும்போதே வயர் எரியும்.

இந்த வகையை சீரிஸ் ஆர்க் என்பார்கள், ஏனென்றால் அது சாதனத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தோன்றினால் பேரலல் ஆர்க். கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிய வயர், ஆணி துளைத்த வயர் இதற்கு உதாரணம். பேரலலில் கரண்ட் பெரிதாக இருக்கும், ஆனால் விட்டு விட்டு வருவதால் எம்சிபி சில சமயம் கோட்டை விட்டுவிடும்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஏஎஃப்டிடி, அதாவது ஆர்க் ஃபால்ட் டிடெக்ஷன் டிவைஸ், நாம் பேசிக்கொண்டிருக்கும் கருவி. அமெரிக்காவில் இருக்கும் இதன் உறவுக்காரனை ஏஎஃப்சிஐ என்பார்கள். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சிப் இருக்கிறது, அது வயரில் ஓடும் கரண்டின் வடிவத்தை ஓயாமல் கவனிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவை பூஜ்யத்தைத் தொடும்போதும் ஆர்க் அணையும், வோல்டேஜ் போதிய அளவு ஏறியதும் திரும்பப் பற்றும். அதனால் வளைவாக இருக்க வேண்டிய அலையில், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு சின்னத் திண்ணை தெரியும். அதோடு, ஆர்க் எரிகிற நேரம் முழுக்க ரேடியோ இரைச்சல் போல உயர் அதிர்வெண் சலசலப்பும் வயரில் பரவும். திண்ணையும் சலசலப்பும் சேர்ந்து, அரை சுழற்சிக்கு அரை சுழற்சி ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டே இருந்தால், "இது ஆர்க்" என்று சிப் முடிவு செய்யும்.

கவனியுங்கள், கருவி ஆர்க்கைப் பார்க்கவில்லை. அனுமானிக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாகச் சத்தம் கேட்கிறது. அது நிஜச் சண்டையா, டிவியில் ஓடும் நாடகமா? குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வருவீர்கள், பெரும்பாலும் சரியாக, எப்போதாவது தப்பாக. ஏஎஃப்டிடியின் வேலையும் அதேதான். எம்சிபி அளக்கிறது, ஆர்சிசிபி கணக்குப் பார்க்கிறது, இது மட்டும் ஊகிக்கிறது. வீண் ட்ரிப் தொல்லை எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

ஏனென்றால் வீட்டில் நல்ல ஆர்க்குகளும் இருக்கின்றன. ஸ்விட்சை அணைக்கும்போது உள்ளே நீலமாக ஒரு மின்னல் தெரிகிறதே, அது ஆர்க்தான். ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் பிளக்கைப் பிடுங்கினாலும் ஆர்க்தான். ஆனால் இவை கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும், கருவியும் கொஞ்சம் பொறுமையாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. 2013இல் வந்த ஐஇசி 62606 என்ற சர்வதேசத் தரத்தின்படி, 230 வோல்ட் அமைப்பில் 2.5 ஆம்பியர் ஆர்க்கை 1 நொடிக்குள் துண்டிக்க வேண்டும், 5 ஆம்பியர் என்றால் 0.5 நொடி, 10 ஆம்பியர் என்றால் 0.25 நொடி, 32 ஆம்பியர் என்றால் 0.12 நொடி. ஆர்க் பெரிதாக ஆக, யோசிக்கும் நேரம் குறைகிறது. சின்ன ஆர்க்குக்குத் தருகிற அந்த ஒரு நொடிதான், ஸ்விட்ச் பொறிக்கெல்லாம் வீடு இருளாமல் காப்பாற்றுவது.

சரி, பிறகு எதற்கு விழுகிறது? முதல் ஆசாமி கார்பன் பிரஷ் உள்ள மோட்டார். வேக்குவம் கிளீனர், டிரில்லிங் மெஷின், மிக்ஸி போன்றவற்றில் சுழலும் பாகத்தின் மேல் கார்பன் துண்டு உரசிக்கொண்டே இருக்கும், உரசும் இடத்தில் இடைவிடாமல் பொறி பறக்கும். இங்கே கருவி பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அது நிஜமான ஆர்க்தான், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஆர்க், அவ்வளவே. பிரஷ் புதிதாக இருக்கும்போது ஒன்றும் ஆகாது. தேய்ந்துபோன பிறகு பொறி அதிகமாகி, நேற்றுவரை ஓடிய அதே மெஷின் இன்று சர்க்யூட்டைத் தள்ளிவிடும். அப்புறம் அலையை வெட்டிக் கொடுக்கும் டிம்மர்கள். அலையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதுதான் அவற்றின் வேலையே, வெட்டிய அலை பார்ப்பதற்குத் திண்ணை வைத்த அலை மாதிரியே இருக்கும். மலிவான எல்இடி டிரைவர்கள், சார்ஜர்கள், வேகம் மாற்றும் மோட்டார் உள்ள டிரெட்மில், மின்வயர் வழியாகவே இன்டர்நெட் அனுப்பும் அடாப்டர், பக்கத்தில் இருக்கும் அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இவையெல்லாம் உயர் அதிர்வெண் இரைச்சலை வயருக்குள் தள்ளக்கூடியவை. தனித்தனியாக ஒவ்வொன்றும் சாதுவாக இருக்கலாம். நாலைந்து ஒரே சர்க்யூட்டில் சேர்ந்தால் அப்படி இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

ட்ரிப் ஆன சர்க்யூட்டிலேயே குற்றவாளி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரைச்சல் ஒரு சர்க்யூட்டிலிருந்து பஸ்பார் (டிபி பாக்ஸில் எல்லா சர்க்யூட்டுக்கும் கரண்டைப் பிரித்துத் தரும் பட்டை) வழியாக அடுத்ததற்குத் தாவும். படுக்கையறை ஏஎஃப்டிடி விழுகிறது, படுக்கையறையில் ஒன்றுமே ஓடவில்லை, ஆனால் கூடத்தில் யாரோ டிரில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதிரித் தாவலுக்கு விழக்கூடாது என்பதற்கும் தரத்தில் சோதனை உண்டு, ஆனாலும் ஆய்வகத்தில் வைத்த பத்துப் பதினைந்து நிலைமைகளும் உங்கள் வீட்டு வயரிங்கும் ஒன்றல்ல.

நியூட்ரல் குழப்பம் தனிக் கதை. பல ஏஎஃப்டிடிகள் ஆர்சிசிபி வேலையையும் சேர்த்தே செய்கின்றன. அமெரிக்க ஏஎஃப்சிஐ பலவற்றிலும் கசிவைக் கவனிக்கும் பகுதி ஒன்று உண்டு. இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரல் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், போனதும் வந்ததும் ஒத்துவராது, கருவி விழும். ஆர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய வயரிங்கில் புதுக் கருவியை மாட்டிய அன்றே ட்ரிப் ஆரம்பித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். முப்பது வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்த தப்பு, காட்டிக்கொடுத்தவனுக்குத்தான் கெட்ட பெயர்.

கெட்ட பெயர் என்றதும் கொஞ்சம் வரலாறு. அமெரிக்க மின்வயரிங் விதித்தொகுப்பு 1999 பதிப்பில் இதைக் கொண்டுவந்தது, படுக்கையறை பிளக் பாயிண்ட்டுகளுக்கு 2002 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்றது. அப்போது வந்த முதல் தலைமுறைக் கருவிகள் 75 ஆம்பியருக்கு மேற்பட்ட பேரலல் ஆர்க்குகளுக்காகத்தான் செய்யப்பட்டவை. 5 ஆம்பியர் சீரிஸ் ஆர்க்கையும் பிடிக்கும் 'காம்பினேஷன்' வகை பிறகுதான் வந்தது. (காம்பினேஷன் என்ற பெயரைப் பார்த்து, ஷாக்குக்கும் சேர்த்துப் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. சீரிஸ், பேரலல் இரண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.) 2008 பதிப்பில் கூடம், சாப்பாட்டு அறை என்று விரிந்தது, 2014இல் சமையலறையும் சலவை இடமும் சேர்ந்தன. பிரிட்டன் 2018இல் பரிந்துரை என்ற அளவில் நிறுத்தி, 2022 திருத்தத்தில் உயரமான குடியிருப்புகள், பல குடும்பங்கள் பகிரும் வீடுகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றின் பிளக் சர்க்யூட்டுகளுக்குக் கட்டாயமாக்கியது. ஜெர்மனி 2016இல் சில வகை அறைகளுக்குக் கட்டாயம் என்று சொல்லி, 2019இல் ஆபத்தை மதிப்பிட்டு முடிவு செய்யுங்கள் என்று இறங்கி வந்தது. தொழில்நுட்பம் தெரிந்த நாடுகளே ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதிலிருந்து, இது ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும் விஷயம் அல்ல என்று புரியும். முதல் தலைமுறையின் தொல்லைகளைக் கேட்டுவிட்டு இன்றைய கருவிகளைத் திட்டுவதும் சரியில்லை. உள்ளே ஓடும் மென்பொருள் நிறைய மாறிவிட்டது, ஒரே வயரிங்கில் பழையது விழும் இடத்தில் புதியது நிற்பதைப் பார்க்கலாம்.

எல்லோரும் வீண் ட்ரிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை அதிகம் உறுத்துவது மறுபக்கம்: விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருப்பது. சுவர்ச் சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காது. அதே போல ஒரு பெரிய மோட்டாரோ டிம்மரோ அதே வயரில் இருந்தால், ஆர்க்கின் அடையாளம் அதன் இரைச்சலில் அமுங்கிவிடலாம். இதற்கும் தரத்தில் சோதனை வைத்திருக்கிறார்கள் என்பதே அந்த ஆபத்து நிஜம் என்பதற்குச் சாட்சி. 2.5 ஆம்பியருக்குக் கீழே இருக்கும் ஆர்க்கைப் பிடிக்க வேண்டிய கடமை கருவிக்கு இல்லை, ஒன்பது வாட் பல்பு எடுப்பது 0.04 ஆம்பியர்தான். கருவிக்கு முன்னால், மீட்டர் பக்கத்தில் இருக்கும் கோளாறும் இதன் பொறுப்பில் வராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது லூஸ் காண்டாக்ட். திருகு தளர்ந்த முனையில் ஆர்க்கே இல்லாமல், செம்பின் மேல் படிந்த ஆக்ஸைடு வழியாகக் கரண்ட் போய், அந்த இடம் அமைதியாகச் சிவந்து கனலும். பிளக் பாயிண்ட் பழுப்பாக மாறி, கருகிய வாடை வரும். அலையில் திண்ணை இல்லை, சலசலப்பும் இல்லை. கருவிக்கு எல்லாம் சுபமாகவே தெரியும். இந்த இடத்தில் உங்கள் மூக்கு ஏஎஃப்டிடியைவிட நம்பகமான கருவி.

டெஸ்ட் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உண்மையாகவே கொஞ்சம் கரண்ட் பாதை மாறி ஓடும், அதைப் பிடித்துத்தான் அது விழுகிறது, எனவே அது நேர்மையான பரீட்சை. ஏஎஃப்டிடியில் பட்டன் அழுத்தினால் சிப்புக்கு ஒரு போலி அடையாளம் காட்டப்படும், அல்லது கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். மின்னணுப் பகுதி உயிரோடு இருக்கிறது, துண்டிக்கும் பகுதி அசைகிறது என்பது வரை தெரியும். உங்கள் வயரில், உங்கள் சாதனங்களுக்கு நடுவில் ஒரு நிஜ ஆர்க் வந்தால் பிடிக்குமா என்பது தெரியாது. வீட்டில் நிஜ ஆர்க்கை உண்டாக்கிப் பார்க்க எளிய வழியும் இல்லை. ஆய்வகத்தில் இதற்கென்றே வயரை வெட்டி, டேப் சுற்றி, பல ஆயிரம் வோல்ட் கொடுத்துக் கரியாக்கித் தயார் செய்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

கருவியைச் செய்பவரின் தர்மசங்கடமும் இதுதான். காதைக் கூர்மையாக்கினால் வேக்குவம் கிளீனருக்கெல்லாம் விழும், வீட்டுக்காரர் கழற்றி எறிவார், பாதுகாப்பு பூஜ்யம். காதை மந்தமாக்கினால் புகார் வராது, ஆர்க்கும் தப்பிவிடும். இரண்டு தப்பும் ஒரே திருகாணியின் இரண்டு பக்கம். எங்கள் கருவி ஒருபோதும் வீணாக விழாது என்று யாராவது சொன்னால், நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன்.

இப்போது ட்ரிப் ஆகிறது, என்ன செய்வது? ரீசெட் செய்வதற்கு முன்னால் அந்த நொடியில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இது அலுப்பான வேலைதான், ஆனால் நாலு ட்ரிப்புக்குப் பிறகு அந்தத் தாள் சொல்வதை எந்த மீட்டரும் சொல்லாது. விளக்குக் குறியீடு உள்ள கருவி என்றால் அது எப்படி மினுக்குகிறது என்று பார்த்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்: சீரிஸா, பேரலலா, கசிவா, வெறும் ஓவர்லோடா என்று பல கருவிகள் பிரித்தே காட்டும். பிறகு அந்த சர்க்யூட்டில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத் தூக்குங்கள். ஒன்றுமே மாட்டாமல் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் சுவருக்குள், அல்லது நியூட்ரலில், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம். அவர் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பதற்கு முன் ஏஎஃப்டிடியைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், 500 வோல்ட் சோதனையில் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி கெட்டுப்போகலாம், அளவும் தப்பாக வரும். ஒன்றும் மாட்டாதபோது விழாமல் நின்றால், சாதனங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். சந்தேகப்படும் சாதனத்தை வேறு ஏஎஃப்டிடி சர்க்யூட்டுக்கு மாற்றுங்கள். ட்ரிப்பும் கூடவே போனால் சாதனம், பழைய இடத்திலேயே தங்கினால் வயரிங்.

சந்தேகப்படுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மோட்டார் உள்ள சாதனத்துக்கு விழுந்தால் பாதிக்குப் பாதி அது இரைச்சலாக இருக்கலாம். ஆனால் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர் மாதிரி வெறும் சூடு உண்டாக்கும் சாதனங்கள் பரம சாதுக்கள், உள்ளே இருப்பது ஒரு கம்பிச் சுருள், அலையைத் துளியும் கோணலாக்காது. தெர்மோஸ்டாட் டிக் என்று விலகும்போது ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சாதனத்துக்குத் திரும்பத் திரும்ப விழுந்தால் அதை வீண் ட்ரிப் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். எல்லோரும் வேக்குவம் கிளீனர் மேல் பழிபோட்டோம், ஏனென்றால் ஒரு தடவை அது ஓடும்போது நிஜமாகவே விழுந்திருந்தது. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், மீதி மூன்று தடவையும் காலையில், துணி தேய்க்கும் நேரம் என்று தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இருந்த ரப்பர் உறையை விலக்கினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. விரலால் அழுத்தினால் ஒரு இடம் மட்டும் நசநசவென்று மெத்தென்றிருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பிகள் பாதிக்குமேல் அறுந்து நுனி கறுத்திருந்தன, உள் உறை டீத்தூள் நிறத்தில் வறுபட்டிருந்தது. வயரை மாற்றிய பிறகு காலை ட்ரிப் நின்றுவிட்டது.

வேக்குவம் கிளீனர்? அது இன்னமும் அந்த சர்க்யூட்டில் எப்போதாவது தள்ளிவிடும். பிரஷ்ஷை மாற்றிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. இப்போது அதை அடுத்த அறையில் மாட்டி, நீளமான வயரை இழுத்துக்கொண்டு வந்து பெருக்குகிறோம்.